பொலேரோ: மாறாத தாளமும் மாறிய மேடைகளும்



இன்று ஒரே ஒரு படைப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் ராவெலின் ‘பொலேரோ’. பெயர் தெரியாதவர்களும் இதன் மெட்டை எங்காவது ஒரு விளம்பரத்திலோ படத்திலோ கேட்டிருப்பார்கள்.

நடனக் கலைஞர் ஈடா ரூபின்ஸ்டைன் தம் குழுவுக்கு ஸ்பானியச் சாயலில் ஒரு பாலே இசை வேண்டும் என்று ராவெலிடம் கேட்டிருந்தார். ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பேனிஸ் பியானோவுக்கு எழுதிய ‘இபேரியா’விலிருந்து சில பகுதிகளை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றித் தந்துவிடலாம் என்றுதான் ராவெல் முதலில் எண்ணினார். அதற்கான உரிமை ஏற்கெனவே வேறொருவருக்குப் போயிருந்தது. வேறு வழியின்றிச் சொந்தமாக எழுத உட்கார்ந்தார். 1928 நவம்பர் 22 அன்று நிஜின்ஸ்காவின் நடன அமைப்பில் பாரிஸ் ஓபராவில் அது அரங்கேறியது. மதுக்கடையில் மேசைமேல் ஏறி ஒரு பெண் ஆடுகிறாள். சுற்றியிருக்கும் ஆண்கள் மெல்ல மெல்ல எழுந்து வருகிறார்கள். கதை அவ்வளவுதான்.

இசையிலும் அவ்வளவுதான். ஸ்நேர் டிரம்மில் மூன்றெண்ணிக்கைத் தாளம். நம் சொற்கட்டில் சொன்னால்: த தகிட த தகிட த த; த தகிட த தகிட தகிட தகிட. இது 169 முறை வருகிறது. ஒருவர் நான்காயிரம் தட்டுகளுக்கு மேல் வேகம் கூட்டாமல், குறைக்காமல் வாசிக்க வேண்டும். அதன்மேல் இரண்டே மெட்டுகள் மாறி மாறி வருகின்றன. வளர்ச்சி, விரிவாக்கம், கற்பனைச் சுரம் எதுவும் கிடையாது. மாறுவது வாத்தியங்களும் ஒலியின் கனமும் மட்டுமே. முடிவை நெருங்கும்போது ஒரே ஒருமுறை சி மேஜரிலிருந்து ஈ மேஜருக்குத் தாவி, உடனே திரும்பி, அப்படியே சரிந்து விழுகிறது.

இதில் என்ன மேதைமை என்று கேட்பவர்கள் ஒன்பதாவது முறை மெட்டு வரும் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஹார்ன் மெட்டை வாசிக்கிறது. கூடவே செலஸ்டா மேல் ஸ்தாயியில். இரண்டு பிக்கோலோக்கள் அதே மெட்டை வேறு சுருதியில், ஒன்று பஞ்சமத்திலும் மற்றொன்று அந்தர காந்தாரத்திலும் வாசிக்கின்றன. தாளில் பார்த்தால் அபசுரம். காதில் விழுவதோ ஏதோ புது ஆர்கன். தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகக் கேட்குமே, அதே கணக்கு. ஒரு சுரத்துக்குள் ஒளிந்திருக்கும் மேற்சுரங்களைத் தனித்தனி வாத்தியங்களிடம் கொடுத்து வெளியே எடுத்திருக்கிறார் ராவெல். அதற்கு இரண்டு முறை கழித்து டிராம்போன். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த கலைஞர் எடுத்த எடுப்பிலேயே உச்ச ஸ்தாயியில் தனியாகத் தொடங்க வேண்டும். ஆர்கெஸ்ட்ராவில் வேலைக்கான தேர்வில் வாசிக்கும் டிராம்போன்காரர்களுக்கு இன்றும் இதுவே சோதனை.

ராவெல் கடைசிக் காலத்தில் மூளை நோயால் அவதிப்பட்டு 1937இல் இறந்தார். இதை வைத்து, சொன்னதையே திரும்பச் சொல்லும் ‘பொலேரோ’வே அந்நோயின் முதல் அறிகுறி என்று சில மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. ‘பொலேரோ’வுக்குப் பிறகுதான் அவர் இரண்டு பியானோ கான்செர்ட்டோக்களை எழுதினார். அவற்றில் இந்தப் பிடிவாதத்தின் சுவடே இல்லை. தாம் செய்தது ஒரு பரிசோதனை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1930இல் ஆர்கெஸ்ட்ரா நடத்துனர் டாஸ்கனீனி பாரிஸில் இதை வேகமாக நடத்தியபோது ராவெல் கோபப்பட்டதும் அதனால்தான். பொறுமையைக் கெடுத்தால் பரிசோதனையே கெட்டது.

இனி இக்கால மேடைகளுக்கு வருவோம். நடன அமைப்பாளர் பெஜார் 1961இல் சிவப்பு வட்ட மேசைமேல் ஒருவரை மட்டும் நிறுத்தி ஆட வைத்தது பெரும்புகழ் பெற்றது. ஆனால் கோடிக்கணக்கானவர்களிடம் இதைக் கொண்டுபோனது பனிச்சறுக்கு. 1984 பிப்ரவரி 14, சரயேவோ குளிர்கால ஒலிம்பிக்ஸ். இங்கிலாந்தின் நாட்டிங்காமைச் சேர்ந்த ஜெய்ன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் இணை. அன்றைய விதிப்படி நான்கு நிமிடம் பத்து நொடிக்கு மேல் போகக் கூடாது. இசையை எவ்வளவு வெட்டினாலும் நான்கு நிமிடம் இருபத்தெட்டு நொடிக்குக் கீழே இறங்கவில்லை. அன்றைய விதியில் சறுக்குக் கத்தி பனியைத் தொட்டால்தானே கடிகாரம் ஓடத் தொடங்கும்? இருவரும் முழந்தாளிட்டபடி, கத்தி படாமல், உடலை மட்டும் அசைத்து முதல் பதினெட்டு நொடியைக் கடத்தினார்கள். கலைத்திறனுக்கு ஒன்பது நடுவர்களும் அன்றைய முழு மதிப்பெண்ணான 6.0 கொடுத்தார்கள்.

2011இல் கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்தில் அந்நகர ஆர்கெஸ்ட்ரா முன்னறிவிப்பின்றி இதை வாசித்தது. டிரம் தனியாகத் தொடங்க, பயணிகளுக்கு நடுவிலிருந்து கலைஞர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இணையத்தில் அந்தக் காணொளி இலட்சக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. கச்சேரி மண்டபத்தில் எல்லோரும் முதலிலேயே மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் சேர்வதைக் காது மட்டுமே அறியும். ரயில் நிலையத்தில் கண்ணும் அறிந்தது. ராவெல் எழுதியதை அந்த நிகழ்ச்சி சரியாகப் படித்திருந்தது.

இந்த இரண்டிலும் இசை வெட்டப்பட்டதுதான். இருந்தும் ஒன்றிலிருந்து பலவாக ஏறும் வரிசை குலையவில்லை, ஆகவே ஏற்கலாம். உச்சக்கட்டத்தை மட்டும் நறுக்கி அரை நிமிட விளம்பரத்தில் ஒட்டுவதை ஏற்க முடியாது. ஏறி வந்த படிகள் இல்லாமல் அந்த உச்சம் வெறும் சத்தம்.

ராவெல் தாமே நடத்திய 1930ஆம் ஆண்டு இசைத்தட்டு இன்று இணையத்தில் கிடைக்கிறது. சுமார் பதினாறு நிமிடம். முழுதாகக் கேளுங்கள். தொடக்கம் காதில் விழவில்லையே என்று ஒலியைக் கூட்டி வைத்துவிடாதீர்கள். கடைசி நிமிடத்தில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.