முக்கோணத்துக்குள் இதயம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொடுத்திருக்கும் நேரத்தில் ஒரே ஒரு விஷயம் பேசுகிறேன். ஈ.சி.ஜி. எடுக்கும்போது ஒயரை உடம்பில் எங்கே வைக்கிறோம் என்பதுதான் அது. "இது டாக்டர் சமாச்சாரமாச்சே, இன்ஜினீயருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது.

கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தை முன்னால் நின்று பார்த்தால் ஒரு தோற்றம், பக்கவாட்டில் நின்று பார்த்தால் வேறு தோற்றம். கோயில் என்னவோ ஒன்றுதான். இதயமும் அப்படியே. ஒவ்வொரு துடிப்பிலும் அதில் மின்சாரம் பரவுகிறது. தோலுக்கு வந்து சேரும்போது சுமார் ஒரு மில்லிவோல்ட்தான் மிஞ்சும். அதற்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. நாம் முதலாண்டில் படித்த அதே வெக்டர். ஒவ்வொரு லீடும் அந்த வெக்டரின் நிழலைத் தன் கோட்டின் மேல் விழச்செய்து காட்டுகிறது.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பணிபுரிந்த வில்லெம் ஐந்தோவன் இரண்டு கை, இடது கால் ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணமாக வைத்துக்கொண்டார். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வலது கையிலிருந்து இடது கைக்கு முதல் லீட், வலது கையிலிருந்து காலுக்கு இரண்டாவது, இடது கையிலிருந்து காலுக்கு மூன்றாவது. ஒன்றையும் மூன்றையும் கூட்டினால் இரண்டு வரும். வேறொன்றுமில்லை, நம்ம கிர்க்காஃப் விதிதான்! பிறகு 1934-இல் வில்சன் இந்த மூன்று முனைகளின் சராசரியைப் பொது முனையாக்கினார். அதை வைத்துத்தான் மார்பின் ஆறு லீடுகளும் அளக்கப்படுகின்றன.

இப்போது இரண்டு கை ஒயரும் இடம் மாறிவிட்டது என்று வையுங்கள். கிர்க்காஃப் விதி அப்போதும் சரியாகவே இருக்கும். கூட்டிப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் லீட் தலைகீழாகும். இரண்டும் மூன்றும் இடம் மாறும். மார்பு லீடுகள் மட்டும் மாறவே மாறாது. ஏன்? மூன்று எண்களில் இரண்டை இடம் மாற்றினால் சராசரி மாறுமா? ஆகவே முதல் லீட் முழுக்கத் தலைகீழ், மார்பு லீடுகள் ஒழுங்கு என்றால், முதலில் ஒயரைப் பாருங்கள்.

எங்கள் செந்துறைப் பக்கத்து உறவினர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. நெஞ்சுவலி என்று ஓரிடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் பெரிய கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக நகையை அடகு வைத்து, கார் பிடித்து, திருச்சிக்கு ஓடினோம். அங்கே மறுபடி எடுத்தால் எல்லாம் சரியாக இருந்தது. கை ஒயர் இரண்டும் மாறியிருந்ததாம். போனது பணம்தான். ஆனால் இதே தவறு நிஜமான மாரடைப்பை மறைக்கவும் செய்யும். அப்போது போவது பணம் மட்டும் அல்ல.

நிறமும் ஒரு வில்லங்கம். ஐரோப்பிய முறையில் வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. அமெரிக்க முறையில் சிவப்பு இடது காலுக்கு, கறுப்பு இடது கைக்கு! நிறத்தை நம்பாதீர்கள், ஒயரில் உள்ள எழுத்தைப் படியுங்கள்.

மார்பிலும் கவனம் வேண்டும். முதல் இரண்டு முனைகளும் நான்காவது விலா இடைவெளியில், மார்பெலும்பின் இரு ஓரங்களில் இருக்க வேண்டும். பல இடங்களில் ஒன்றிரண்டு இடைவெளி மேலே ஒட்டிவிடுகிறார்கள். அப்போது பழைய மாரடைப்பு வந்தவர் போலப் படம் காட்டும். மார்பெலும்பின் மேற்பகுதியில் விரலுக்குத் தட்டுப்படும் மேட்டுக்கு நேராக இருப்பது இரண்டாவது விலா. அதன் கீழே இருப்பது இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து எண்ண வேண்டும்.

2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் 2,420 மாரடைப்பு நோயாளிகளை வைத்து ஒரு திட்டம் நடந்தது. சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்தார்கள். ஓராண்டுக்குள் இறப்போர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. சிறு ஊரில் எடுக்கும் ஈ.சி.ஜி.க்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இதுவே சாட்சி. எங்கள் அரியலூருக்கும் 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் முதல் ஈ.சி.ஜி. பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்தில்தான் எடுக்கப்படும். அங்கே ஒயர் மாறினால், அதைத் தூரத்திலிருந்து படிக்கும் நிபுணர் என்ன செய்வார்?

அதனால் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கை, கால் ஒயர்களில் கட்டத் தமிழில் எழுதிய பட்டைகள், சுவரில் மாட்ட ஒரு படம், சொல்லிக்கொடுக்க அரை நாள். அவரவர் ஊரில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அங்குள்ள டாக்டரின் ஒப்புதலோடு, இதைச் செய்துகொடுப்போம். செலவு சொற்பம். செந்துறைப் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற ஊர்களுக்கு இன்று மாலைக்குள் பெயர் கொடுங்கள்.