இருபத்தைந்தில் ஒரு பங்கு

நடை பழகிய குழந்தையின் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, அதன் மறுமுனையில் ஒரு சிறு வண்டியைக் கட்டிவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். தமிழ்ப் புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கு வகுத்த பத்துப் பருவங்களில் இறுதியானது சிறுதேர்ப் பருவம். பெரியோர் ஏறிச் செல்லும் ஊர்தியைச் சிறிதாக்கித் தன் கைக்குள் அடக்கிவிட வேண்டும் என்னும் ஆசை மனிதனோடு உடன்பிறந்தது போலும். பலருக்கு அவ்வாசை பிள்ளைப் பருவத்தோடு தீர்ந்துவிடுகிறது. சிலருக்கோ தலை நரைத்த பின்னும் தீர்வதில்லை. அத்தகையோர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் பெருந்தொகையினராய் உளர். பிளாஸ்டிக்கினாலான சிற்றுருவ மோட்டார் வண்டிகளையும் லொறிகளையும் உறுப்பு உறுப்பாகப் பொருத்திச் செய்வதும், அவற்றைத் தேடிச் சேர்த்துப் பேணுவதும் இவர்களது பொழுதுபோக்கு.

"இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ?" என்று கேட்போர் உண்டு. விளையாட்டுப் பொம்மைக்கும் சிற்றுருவ மாதிரிக்கும் உள்ள வேற்றுமை ஒன்றே. அஃது அளவு. பொம்மை வண்டிக்கு நான்கு சில்லுகள் இருந்தாற் போதும். உருண்டால் பிள்ளை மகிழும். மாதிரி வண்டிக்கோ அது போதாது. மெய்யான வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்திற் குறைந்து அதில் அமைய வேண்டும். அமெரிக்கக் கம்பனிகள் பெரும்பாலும் கையாண்ட விகிதம் 25இல் ஒரு பங்கு. வால்புறத்தில் இரு பெருஞ் சிறகுகளை உயர்த்திக்கொண்டு வந்த 1959ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியின் நீளம் 225 அங்குலம். அதன் மாதிரி சரியாக 9 அங்குலம் இருத்தல் வேண்டும். 24இல் ஒரு பங்கு என்பது மற்றொரு விகிதம். அதில் ஓரடி அரை அங்குலமாகச் சுருங்கும்.

இக்கணக்கு வெளித்தோற்றத்தோடு நின்றுவிடுவதன்று. ஒரு மாதிரியின் மேல் மில்லிமீற்றரிற் பத்தில் ஒரு பங்கு தடிப்புக்குப் பூச்சு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது மிக மெல்லியது. ஆனால் 25ஆற் பெருக்கிப் பார்த்தால், மெய்யான வண்டியின் மேல் இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பிற் சாந்து அப்பியதற்கு அது நிகராகும். கதவின் விளிம்புக் கோடுகள் மறைந்துபோம். வண்டியின் பெயரெழுத்துக்கள் மொழுக்கென்றாகிவிடும். ஆதலால் தேர்ந்தவர்கள் பூச்சைப் புகைபோலத் தெளித்து, உலரவிட்டு, மீண்டும் மெல்லத் தெளிக்கின்றனர். பொறுமை இக்கலையில் அணிகலன் அன்று. அதுவே முதற் கருவி.

இக்கலை வளர்ந்த வரலாறு வணிகத்தில் தொடங்குகிறது. 1948இல், மோட்டார்த் தொழிலின் தலைநகரெனத் தக்க டெட்ரொயிட் பகுதியில், ஏ.எம்.ரி. என்னும் கம்பனி நிறுவப்பட்டது. "அலுமினிய மாதிரிப் பொம்மைகள்" என்பதே அம்மூன்றெழுத்தின் பொருள். போர்ட் வண்டியின் சிறு மாதிரியை அது முதலில் அலுமினியத்தில் வார்த்தது. விரைவிலேயே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டது. அம்மாதிரிகள் கடைகளில் விற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. புதிய வண்டிகளை விற்கும் முகவர்களுக்காகச் செய்யப்பட்டவை. வண்டி வாங்க வந்தவரின் முன்னே அவ்வாண்டின் புது வண்டி மேசைமேற் சிற்றுருவாய் நிற்கும். தந்தை விலை பேசிக்கொண்டிருக்க, மகன் அம்மாதிரியைக் கையில் ஏந்திக்கொண்டிருப்பான். எந்தப் பேச்சு விற்பனையை முடித்தது என்பதை முகவர்களே அறிவர்.

இங்கிலாந்திலும் இதை ஒத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1949இல் எயார்பிக்ஸ் கம்பனி, பேர்கசன் உழவு இயந்திரத்தின் விற்பனையாளருக்காக அதன் மாதிரியொன்றைச் செய்தது. உறுப்புக்களைப் பொருத்தி முடிப்பது கடினமாக இருந்தமையால், பின்னர் அவற்றைப் பொருத்தாமலே பொதியாக விற்கலாயினர். பொருத்தும் வேலையை வாங்குபவரிடம் விட்டதும், அந்த வேலையே இன்பம் என்பது வெளிப்பட்டது. ஏ.எம்.ரி. கம்பனி 1958இல் தன் மாதிரிகளைப் பொருத்தாத உறுப்புக்களாகப் பெட்டியிலிட்டு விற்றது. ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாக வண்டி செய்யலாம்: தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, அல்லது தன் விருப்பப்படி அழகுபடுத்தி, அல்லது பந்தய வண்டியாக மாற்றி. வண்டி ஓட்டும் வயதை எட்டாத சிறுவர்கள் தாமே வண்டி செய்யும் உரிமையைப் பெற்றனர்.

அவ்வுறுப்புக்கள் உருவாகும் முறை அறியத்தக்கது. முதலில், செய்யப்போகும் மாதிரியைவிடப் பெரிய உருவம் ஒன்றை மரத்தில் நுணுக்கமாகச் செதுக்குவர். அதன் மேல் ஒரு கருவியின் ஊசி ஊர்ந்து செல்ல, அவ்வசைவையே குறைத்துக் காட்டும் மற்றொரு முனை உருக்குக் கட்டியைக் குடைந்து வார்ப்பச்சைச் செய்யும். பின்னர், பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, மிகுந்த அழுத்தத்துடன் அவ்வச்சுக்குள் செலுத்துவர். குளிர்ந்தபின் அச்சைத் திறந்தால், கொடியிற் காய்கள் தொங்குவதுபோல எஞ்சின், இருக்கை, சில்லு, விளக்கு யாவும் ஒரே சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வெளிவரும். இன்று மரத்துக்கும் ஊசிக்கும் பதிலாகக் கணினி அவ்வேலையைச் செய்கிறது. அளவு பிழையக் கூடாது என்னும் நியதி மட்டும் மாறவில்லை. 1976இல் போர்ஷே 934 என்னும் பந்தய வண்டியின் மாதிரியை வெளியிட்ட ஜப்பானியக் கம்பனியான தமியா, அதற்காக மெய்யான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, உறுப்பு உறுப்பாகக் கழற்றிப் பார்த்தது.

உருக்கு அச்சு மிகுந்த பொருட்செலவில் ஆவது. அமெரிக்க வண்டிகளோ அக்காலத்தில் ஆண்டுதோறும் முகம் மாறின. ஆகவே மாதிரிக் கம்பனிகள் ஒரு சிக்கன வழியைக் கண்டன. வண்டியின் முகப்பும் பின்விளக்கும் அடுத்த ஆண்டு மாறினால், பழைய அச்சையே எடுத்து அவ்விடங்களை மட்டும் வெட்டித் திருத்திவிடுவர். இதனாற் பணம் மிஞ்சியது. ஆனால் சென்ற ஆண்டின் வண்டி அவ்வச்சிலிருந்து மறைந்தது. அதனை மீண்டும் வார்க்க இயலாது. கடையில் விற்றவை விற்றவையே. அவற்றிலும் பெரும்பாலானவற்றைச் சிறுவர்கள் பசை வழிய ஒட்டினர்; மணலில் உருட்டினர்; பட்டாசு வைத்தும் தகர்த்தனர். இன்று 1960களின் ஆண்டு மாதிரிகளுள் சில அருமைப் பொருள்களாகிவிட்டமைக்குக் காரணம் இதுவே.

மெய்யான வண்டியே அழிந்துபோக, மாதிரி எஞ்சிய கதையும் ஒன்றுண்டு. கிறைஸ்லர் கம்பனி 1963இல், ஆகாய விமானத்தின் சுழலி எஞ்சினைப் போன்றதொன்று பொருத்திய மோட்டார் வண்டிகளை வெளியிட்டது. அவ்வெஞ்சின் நிமிடத்துக்கு 40,000க்கு மேற்பட்ட சுற்றுக்கள் சுழலவல்லது. டீசல், மண்ணெண்ணெய் முதலிய பலவகை எரிபொருள்களிலும் இயங்கக் கூடியது. மேலுடல்கள் இத்தாலியில் கியா பட்டறையிற் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தன. வெண்கல நிறம் பூசிய 50 வண்டிகள், 203 பொதுமக்களுக்கு மும்மூன்று மாத காலம் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கப்பட்டன. ஒருவருக்கும் விற்கப்படவில்லை. சோதனை 1966இல் முடிந்தது. முன்னோடியாகச் செய்த 5 வண்டிகளையும் சேர்த்து 55 இருந்தவற்றுள், 46 வண்டிகளைக் கம்பனியே அழித்துவிட்டது. எஞ்சியவை 9.

ஆனால், அக்காலத்திலேயே ஜோஹான் என்னும் டெட்ரொயிட் கம்பனி அவ்வண்டியை 25இல் ஒரு பங்காக, சுழலி எஞ்சினுடன் பெட்டியிலிட்டு விற்றிருந்தது. அவ்வண்டியில் ஒரு நாளும் ஏறியிராத சிறுவர்கள், அதன் எஞ்சினை உறுப்பு உறுப்பாக ஒட்டி, அது எவ்வாறு அமைந்தது என்பதைக் கையினால் அறிந்தனர். மெய் வண்டிகள் அழிந்த பின்னும் பலர் வீட்டு அலமாரிகளில் அச்சிற்றுருவம் நின்றது. அது வெறும் பொம்மை என்று யார் சொல்லத் துணிவர்?

ஒரு மாதிரியைச் செய்யும் வேலை எத்தன்மையது என்பதை இனிச் சிறிது காண்போம். பெட்டியைத் திறந்தவுடன் ஒட்டத் தொடங்குபவன் கற்றுக்குட்டி. தேர்ந்தவன் முதலில் உறுப்புக்களை வெதுவெதுப்பான நீரிற் கழுவுவான். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பூச்சு பிடிக்காது. பின் ஒவ்வோர் உறுப்பையும் வெட்டியெடுத்து, அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்துத் தழும்பை அரத்தினால் தேய்ப்பான். ஒட்டுமுன் பொருத்திப் பார்ப்பான். இதற்குரிய பசை மரத்தை ஒட்டும் பசை போன்றதன்று. அது பிளாஸ்டிக்கையே சற்று இளக்கி இரு முகங்களையும் ஒன்றாக்குகிறது. ஒரு துளி போதும். இரு துளி விட்டால் விரல்ரேகை என்றென்றைக்கும் வண்டியிற் பதிந்துவிடும். எஞ்சினைப் பொருத்தியதும், தையல் நூலளவான கம்பிகளை ஒவ்வொரு பிளக்குக்கும் இழுத்துவிடுவாரும் உளர். முன்மூடியை மூடிவிட்டால் அவை ஒருவர் கண்ணிலும் படா; ஆயினும் இழுப்பர். அவை அங்கே உள என்பது செய்தவனுக்குத் தெரியும்.

லொறிகளைச் செய்வது இதனினும் கடினம். மோட்டார் வண்டியில் மேலுடல் குறைகளை மறைக்கும். நெடுந்தூரப் பாரலொறியிலோ அடிச்சட்டம், வில்லுத்தகடு, காற்றுத் தாங்கி, எரிபொருட்கலம் யாவும் வெளிப்படையாய் நிற்கும். நீண்ட சட்டத்தின் இரு பக்கங்களும் ஒரு மயிரிழை முறுகினாலும் பத்துச் சில்லுகளுள் ஒன்று தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். ஆதலாற் சட்டத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, பாரமேற்றி, பசை இறுகும்வரை காத்திருப்பர். அடித்தளம் கோணிய பின் மேலே பூசும் எந்த அழகும் அதனைத் திருத்தாது என்பதை லொறி செய்பவன் முதல் முயற்சியிலேயே கற்றுக்கொள்கிறான்.

இனி, இக்கலைஞரிடையே ஓயாத ஒரு வழக்கு உண்டு. திறவாத பெட்டிக்கே சந்தையில் விலை மிகுதி. பெட்டியின் மேலுறை கிழிந்தாலே மதிப்புக் குறையும். ஒட்டிவிட்டாலோ பெரும்பகுதி போய்விடும். எனவே சேகரிப்பாளர் சிலர், வாங்கிய பெட்டியை வாங்கியபடியே அடுக்கிப் பூட்டி வைக்கின்றனர். "செய்வதற்காகப் படைக்கப்பட்ட பொருளைச் செய்யாமல் வைப்பதா?" என்பது ஒரு சாரார் வாதம். "எல்லாரும் ஒட்டிவிட்டால் நாளை முன்மாதிரி எங்கே?" என்பது மறுசாரார் விடை. இவ்விடையை எளிதாகத் தள்ளிவிட இயலாது. அச்சு மாண்டுபோன சில மாதிரிகளை, பழைய பெட்டிகளிலிருந்த உறுப்புக்களை அளந்து, புதிய அச்சு வெட்டி, அண்மைக் காலத்தில் மீண்டும் வார்த்திருக்கின்றனர். யாரோ ஒருவர் ஒட்டாமல் வைத்ததனாலன்றோ அது கைகூடிற்று?

ஆயினும் பூட்டி வைத்தவருக்கும் ஓர் எச்சரிக்கை காத்திருக்கிறது. அக்காலத்துப் பல பெட்டிகளில் ரயர்கள் மெத்தென்ற வேறொரு பிளாஸ்டிக்கினால் ஆனவை. அவற்றை மெதுமையாக்கக் கலந்த எண்ணெய்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் உறுப்பை உருக்கும். முத்திரை உடையாத பெட்டியை முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் திறந்தவர்கள், கண்ணாடியின் மேலும் கூரையின் மேலும் ரயரின் வடு ஆழப் பதிந்திருக்கக் கண்டு திடுக்கிட்டதுண்டு. காவல் இருந்தது, கவனிப்பு இல்லை. அறிந்தவர்கள் பெட்டியைத் திறந்து, ரயர்களை வேறாகப் பொதிந்து, மறுபடி மூடி வைக்கின்றனர்.

இவ்விரு சாராரோடும் சேராத மூன்றாம் சாரார் ஒருவர் உளர். இவர்கள் தேடுவது புதிய பெட்டியையன்று. பழஞ்சாமான் சந்தைகளிற் கிடக்கும் உடைந்த மாதிரிகளை. எப்போதோ ஒரு சிறுவன் பசையை வாரி இறைத்து, தூரிகையாற் சிவப்புப் பூசி, சில்லொன்றைத் தொலைத்துவிட்ட வண்டியைச் சில்லறைக் காசுக்கு வாங்குவர். பூச்சைக் கரைக்கும் திரவத்தில் அதனை ஊறவைப்பர். குளிர்ப்பெட்டியின் உறைகூட்டில் ஓரிரவு வைத்து, நொறுங்கும் தன்மை பெற்ற பழைய பசையை மெல்ல நெம்புவர். தொலைந்த உறுப்பை வேறொரு சிதைவிலிருந்து எடுப்பர். கிடையாவிடிற் கையாற் செதுக்குவர். மாதக்கணக்கான உழைப்பின்பின், அழிந்தது என்று எண்ணிய 1960களின் வண்டியொன்று எழுந்து நிற்கும். அவ்வேலையின் நடுவே, கூரையின் உட்புறத்தில் அப்பழைய சிறுவனின் விரல்ரேகை பசையில் உறைந்திருப்பதைச் சில வேளைகளிற் காண்பர். வெளியே தெரியாத இடமாயின், அதனைத் தேய்க்காமல் விட்டுவிடுவாரும் அவர்களிடையே உண்டு.

ஒரு பொருளைப் பேணுவது என்றால் அதனைத் தொடாமல் வைப்பது என்று பலர் எண்ணுகின்றனர். இச்சிற்றுருவ வண்டிகளின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. உருக்கு அச்சு வெட்டுண்டது. மெய் வண்டி கம்பனியின் கையாலேயே அழிந்தது. பூட்டிய பெட்டிக்குள்ளே ரயர் கூரையைத் தின்றது. எஞ்சியவை, யாரோ ஒருவர் அடிக்கடி எடுத்துப் பார்த்து, தூசி துடைத்து, பழுது கண்டவிடத்துச் செப்பனிட்டவையே. ஒன்பது அங்குல நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் வண்டிக்கு இத்துணைக் கவனம் வேண்டுமாயின், நம் வீட்டு மூலையிற் கிடக்கும் பழம்பொருள்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.