கவுன்சிலும் கவுன்சலும்



ஆங்கிலத்தில் 'கவுன்சில்', 'கவுன்சல்' என இரு பெயர்ச்சொற்கள் உள்ளன. செவிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, பொருளோ வேறு. முன்னது பலர் கூடும் மன்றம். பின்னது ஒருவர் மற்றவருக்கு நல்கும் அறிவுரை. வழக்கு மன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரையும் அது குறிக்கும். நகர்மன்றத்தில் அமர்பவர் கவுன்சிலர். மனக்கலக்கம் உற்றவருக்கு வழிகாட்டுபவர் கவுன்சலர். கல்லூரிச் சேர்க்கைக்காக நீங்கள் செல்லும் 'கவுன்சலிங்' இரண்டாவது சொல்லின் வழிவந்தது.

இரண்டும் இலத்தீனில் பிறந்து, பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் புகுந்தவை. 'கொங்கிலியம்' என்னும் மூலச்சொல் பலரை ஒருங்கு அழைத்தலைச் சுட்டுவது. 'கொன்சிலியம்' என்பது கலந்து ஆராய்தலைச் சுட்டுவது. ஆங்கிலேயரே நெடுங்காலம் இவற்றை மயங்கி எழுதினர். 16-ஆம் நூற்றாண்டு முதற்கொண்டே வேறுபாடு நிலைபெறலாயிற்று. நீங்கள் பிழையின்றி எழுத ஓர் எளிய வழி சொல்லுகிறேன். ஆலோசனை கேட்பதைக் குறிக்கும் 'கன்சல்ட்' என்ற உறவுச்சொல்லின் இடையில் 'எஸ்' என்னும் எழுத்து இருக்கிறதல்லவா? அறிவுரைக்கும் அதே 'எஸ்', மன்றத்திற்கோ 'சி'.

எழுத்து வேறுபாட்டினும் பெரியது பொருள் வேறுபாடு. நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1924-இல் சட்டமன்றக் கவுன்சில் ஒன்று அமைந்தது. 1948-இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தபோது அதன் காலமும் முடிந்தது. இவ்வூரில் 1886-இல் பிறந்து, மகாராஜா கல்லூரியில் பயின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1927-இல் சென்னைச் சட்டமன்றக் கவுன்சிலில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார்கள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று அங்கே அயராது வாதாடினார்கள். காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930-இல் அப்பதவியைத் துறந்தார்கள். இருக்கை போயிற்று; உரைத்த அறிவுரை போகவில்லை. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1947-இல், அவ்வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று.

மன்றத்தில் இடம் சில ஆண்டுகளுக்கே. நன்கு ஆராய்ந்து, அஞ்சாது சொல்லிய சொல் அம்மன்றத்தையும் கடந்து வாழும். பள்ளிப் பேரவையோ, ஊர்க்கூட்டமோ, நாளை நீங்களும் ஓர் அவையில் அமர்வீர்கள். கூடினோம் என்பதோடு அமையாது, கலந்து ஆராய்ந்தோமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முதற்சொல்லுக்கு இரண்டாம் சொல்லே உயிர்.