ஓலைக் காற்றாடியும் விமானிப் பரீட்சையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் குறளின் நயத்தையும் சிலம்பின் சுவையையும் கேட்டுப் பழகிய உங்கள் செவிகளுக்கு, இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று விந்தையாகத் தோன்றக்கூடும். இந்த நாகபுரியில் பள்ளியொன்றில் முப்பது ஆண்டுகள் பௌதிகம் போதித்து ஓய்வு பெற்ற யாம், கனடா நாட்டில் ஜைரோபிளேன் என்னும் விமானத்தை ஓட்டுவதற்குரிய அனுமதிப் பரீட்சைக்கு ஒரு மாணாக்கனைத் தயார் செய்த வரலாற்றைச் சொல்ல வந்திருக்கிறோம். மாணாக்கன் அயலானல்லன், எம் தமக்கையின் மகன். முன்னொரு பொங்கல் விழாவில், இதே மண்டபத்தில், பாரதியார் வேடம் புனைந்து வந்து, மீசை கழன்று விழவே மேடையில் நின்று அழுத பிள்ளைதான் அவன். மூத்தோர் சிலருக்கு நினைவிருக்கலாம். தேற்றி இறக்கியவர் நம் இன்றைய தலைவர்.

2023-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சில மாதங்கள் யாம் ஒண்டாரியோ மாகாணத்தில் அவன் இல்லத்தில் தங்கியிருந்தோம். தமக்கையாரும் அங்கேதான் இருக்கிறார். கணிப்பொறி நிறுவனமொன்றில் பணிபுரியும் அவன், அலுவலகம் விட்டு வந்ததும் தடித்த புத்தகமொன்றை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவான். 'ஃப்ரம் தி கிரவுண்ட் அப்' என்பது அதன் பெயர். கனடிய மாணவ விமானிகளின் கையில் பல்லாண்டுகளாக இருந்துவரும் நூல். என்ன படிக்கிறாய் என்று வினவினோம். ஜைரோபிளேன் ஓட்ட அனுமதி பெறப் போவதாகச் சொன்னான். அடுக்களையில் ஏதோ பாத்திரம் சற்று உரக்க வைக்கப்பட்டது. தமக்கையாருக்கு இதில் உடன்பாடில்லை என்பதை அவ்வோசையே எமக்கு அறிவித்தது.

ஜைரோபிளேன் என்பது யாது? பார்வைக்கு ஹெலிகாப்டரின் தம்பி போலிருக்கும். 1967-இல் வெளிவந்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' என்னும் ஜேம்ஸ் பாண்டு படத்தில், பெட்டிகளிலிருந்து எடுத்துப் பூட்டிப் பறக்கவிடும் சின்னஞ்சிறு எந்திரத்தைக் கண்டவர்கள் இதனை அறிவர். ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையில் பெரும் வேற்றுமை உண்டு. ஹெலிகாப்டரில் தலைக்கு மேலுள்ள ரோட்டார் என்னும் சுழலிறகை எஞ்சின் சுழற்றுகிறது. அது நம் கூரையில் தொங்கும் மின்விசிறியின் சாதி. ஜைரோபிளேனிலோ, எஞ்சின் பெரும்பாலும் பின்புறமுள்ள புரொப்பெல்லரை மட்டுமே சுழற்றி வண்டியை முன்னே தள்ளும். மேலேயுள்ள ரோட்டாருக்கும் எஞ்சினுக்கும் பறக்கையில் தொடர்பே இல்லை. சற்றே பின்சாய்ந்து நிற்கும் அதனூடே கீழிருந்து மேலாகக் காற்று புகுந்து செல்லச் செல்ல, அது தானே சுழல்கிறது. சுழல்வதால் வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது. நம் ஊரில் சிறுவர்கள் பனையோலையைக் கீறி முள் குத்திக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அந்தக் காற்றாடியின் சாதி இது. ஓடினால் சுழலும், நின்றால் நிற்கும்.

இந்த ஒப்புமையை அன்று யாம் சொன்னபோது மருமகன் சிரித்தான். "பரீட்சையில் காற்றாடியைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், மாமா" என்றான்.

கனடாவின் சட்டப்படி இதற்கு வழங்கப்படுவது லைசென்ஸ் அன்று, பெர்மிட். பன்னாட்டு விமான உடன்பாட்டின் அளவுகோலுக்கு உட்பட்ட உரிமமன்று. கனடிய வானத்திற்கு மட்டும் உரியது. பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும். உடல் தகுதிச் சான்று வேண்டும். தரைப் பாடமும் வான் பயிற்சியும் வேண்டும். எழுத்துப் பரீட்சையில் நூற்றுக்கு 60 பெற வேண்டும். இதற்கு முன்னரே, தனியாகப் பறக்கத் தொடங்கும் மாணவனுக்கென்று விமானச் சட்டத்தில் 50 கேள்விகள் கொண்ட சிறு பரீட்சை ஒன்றுண்டு; அதில் 45 கேள்விகளுக்கேனும் சரியான விடை எழுதியாக வேண்டும். மனப்பாடம் செய்து அதனை எளிதில் வென்றுவிட்டான் பிள்ளை. அதுவே வினையாயிற்று. பெரிய பரீட்சைக்கும் அதே வழியைக் கையாண்டான். பழைய மாதிரிக் கேள்விகளைத் திரட்டி, எதற்கு எது விடை என்று உருப்போட்டுக்கொண்டு, செப்டம்பரில் சென்று அமர்ந்தான். பெற்றது 54.

மறுமுறை எழுத 14 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. எந்தெந்தப் பகுதிகளில் தவறினான் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அத்தாளை எம்மிடம் நீட்டினான். சட்டத்திலும் திசையறிதலிலும் சில்லறைத் தவறுகள். ரோட்டாரின் இயக்கத்தைப் பற்றிய பகுதியில்தான் பெருங்குழி.

அன்றிரவு உணவு மேசையில் அவனிடம் ஒரே ஒரு வினா விடுத்தோம். "பறந்துகொண்டிருக்கிறாய். திடீரென்று இருக்கையில் உடல் இலேசாகி, வயிற்றில் ஊஞ்சல் இறங்குவது போலிருக்கிறது. என்ன செய்வாய்?"

"தண்டை முன்னே தள்ளுவேன், மாமா" என்றான், சற்றும் தயங்காமல்.

அவன் முன்பு சில காலம் சாதாரண விமானத்தில் பயின்று, பணமுடையால் நிறுத்தியவன். அங்கே கற்ற பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நிலைத்த இறகுடைய விமானம் வேகம் குன்றி ஸ்டால் என்னும் நிலைக்குச் சென்றால், மூக்கைக் கீழே தாழ்த்துவதே காப்பு. ஜைரோபிளேனில் அச்செயலே கொல்லும். தண்டை வெடுக்கென்று முன்னே தள்ளினால் ரோட்டாரினூடே மேலேறும் காற்று குறைகிறது, ரோட்டார் சுமந்துகொண்டிருந்த பாரம் விலகுகிறது, சுழற்சி தளர்கிறது. பின்னாலிருந்து தள்ளும் புரொப்பெல்லரின் உந்துவிசைக் கோடு வண்டியின் எடைமையத்திற்கு மேலே அமைந்திருந்தால், அதுகாறும் அதனைச் சமன் செய்துவந்த ரோட்டாரின் இழுப்பு இல்லாமற்போக, வண்டி முன்புறமாகக் குப்புறக் கவிழும். இவ்வளவும் கண் இமைக்கும் பொழுதில் நடந்துவிடும். அதன்பின் விமானி செய்வதற்கு ஒன்றுமில்லை. உடல் இலேசாகும்போது தள்ளவே கூடாது. திராட்டிலைக் குறைத்து, தண்டை மெல்லப் பின்னே கொணர்ந்து, ரோட்டாரின் மேல் பாரத்தைத் திரும்ப ஏற்ற வேண்டும்.

யாம் இதைச் சொல்லி முடித்தபோது தமக்கையார் கரண்டியும் கையுமாக வாயிலில் நின்றிருந்தார். "தம்பி, அவன் தேறினால் பறக்கப் போகிறான். நீதான் தேற வைக்கப் போகிறாயா?" என்று எம்மைக் கேட்டார்.

அன்பர்களே, முப்பது ஆண்டுகளில் எத்தனையோ பேரைத் தேற வைத்திருக்கிறோம். ஒருவரும் எம்மை இவ்வாறு கேட்டதில்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை. காலையில் பிள்ளையை அழைத்து ஒரு நிபந்தனை விதித்தோம். "ரோட்டார் எப்படிச் சுழல்கிறது, எதனால் விழுகிறது என்பதை உன் தாயாருக்குத் தமிழில் விளக்கு. அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் விடை சொல். அவர் போதும் என்றால் பரீட்சைக்குப் போ. இல்லையேல் யாம் உதவோம்." ஆங்கிலத்தில் கேட்டால் புத்தகத்தின் வாக்கியம் அப்படியே வெளிவந்துவிடும், தமிழிலாயின் யோசிக்காமல் வாய் திறக்க முடியாது என்பதே எம் கணக்கு.

முதல் நாள் ஐந்து நிமிடத்தில் திணறி எழுந்து போனான். இரண்டாம் நாள் கடையிலிருந்து தடித்த அட்டை வாங்கி வந்து, ஓலைக்கு மாற்றாக அதில் காற்றாடி செய்தான். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அதைப் பிடித்துக்கொண்டு அவன் நடந்த காட்சியை அண்டை வீட்டார் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

முன்செல்லும் இறகுக்கும் பின்செல்லும் இறகுக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லுமிடத்தில் யாம் குறுக்கிட்டு ஒரு கதை சொன்னோம். ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டெ லா சியெர்வா 1919-இல் தாம் வடிவமைத்த பெரிய விமானமொன்று தரைக்கு அருகில் வேகம் குன்றி விழுந்து நொறுங்கக் கண்டார். வேகம் குறைந்தாலும் விழாத இறகு வேண்டும் என்று சுழலிறகை நாடினார். முதல் மூன்று எந்திரங்களும் ஒருபுறமாகச் சாய்ந்தன. காரணம் இது: எடுத்துக்காட்டாக, இறகின் நுனி மணிக்கு 300 மைல் வேகத்தில் சுழல, வண்டி 60 மைலில் முன்னேறுகிறது என்று கொள்வோம். முன்னோக்கி வரும் இறகு 360 மைல் காற்றைச் சந்திக்கிறது. பின்னோக்கிப் போகும் இறகு 240 மட்டுமே. ஒருபுறம் தூக்குவிசை மிகுதி, மறுபுறம் குறைவு. சாயாமல் என்ன செய்யும்? அவருடைய சிறு மாதிரியோ சாயாமல் பறந்தது. அதன் இறகுகள் வளைந்து கொடுத்தன. அதைக் கண்டு பெரிய எந்திரத்தின் இறகுகளையும் அடியில் கீல் வைத்துப் பொருத்தினார். முன்செல்லும் இறகு மேலெழுந்து தன் மிகுதியைத் தானே கழித்துக்கொண்டது. பின்செல்வது தாழ்ந்து ஈடு செய்தது. 1923 ஜனவரியில் மாட்ரிட் நகருக்கருகே அது பறந்தது. 1928-இல் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தது. 1936 டிசம்பரில் லண்டன் கிராய்டன் விமான நிலையத்திலிருந்து மூடுபனியில் கிளம்பிய சாதாரணப் பயணி விமானமொன்று விழுந்ததில், அதில் பயணியாகச் சென்ற சியெர்வா மாண்டார். தமக்கையார் இதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை.

பிறகு அவர் கேட்டார்: "சரி, நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டால்?"

பிள்ளை காற்றாடியைத் தலைக்கு மேல் உயர்த்தி, பின்னர் அதனைக் கிடையாகப் பிடித்தவாறே கீழே இறக்கினான். அது சுழன்றது. "இறங்குவதே காற்றைத் தரும், அம்மா. முன்னே போனால் ஒரு காற்று, கீழே வந்தால் ஒரு காற்று. எது வந்தாலும் சுழலும். சுழன்றுகொண்டே தரைக்கு வந்து சேரலாம்."

"அப்படியென்றால் எஞ்சின் நிற்பதற்குப் பயப்பட வேண்டாம். நீ பதறிப்போய் முன்னே தள்ளுவதற்குத்தான் பயப்பட வேண்டும்?"

பிள்ளை எம்மைப் பார்த்தான். யாம் அவனைப் பார்த்தோம். புத்தகத்தில் பல பக்கங்களில் விரித்திருப்பதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

மற்றப் பாடங்களை விரித்துரைக்க நேரமில்லை. வானிலையில் ஒன்று மட்டும் சொல்வோம். வெப்பநிலை 20 டிகிரி உள்ள இதமான நாளிலும் எஞ்சினின் கார்பரேட்டருக்குள் பனிக்கட்டி உறையக்கூடும் என்பதை அவன் நம்பவே மறுத்தான். நாகபுரிக்காரன் நம்ப மறுக்கலாமா? மே மாதத்தில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் பொருத்தும் கூலர் எவ்வாறு குளிர்விக்கிறது? நீர் ஆவியாகையில் வெப்பத்தைக் கவர்கிறது. கார்பரேட்டரில் நீருக்குப் பதில் பெட்ரோல். அதனோடு குறுகிய கழுத்தில் காற்றின் அழுத்தமும் வீழ்வதால் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலும் சரியக்கூடும். காற்றிலுள்ள ஈரம் உறைந்து எஞ்சினின் மூச்சை அடைக்கிறது. மேகத்தின் அடியுயரத்தைக் கணக்கிடுவது இதனினும் எளிது. தரையில் வெப்பநிலை 22, பனிநிலை 12 என்றால் வேற்றுமை 10. ஆயிரம் அடிக்கு இரண்டரை வீதம் அவ்வேற்றுமை குறைவதால் ஏறத்தாழ 4,000 அடியில் மேகம் கட்டும்.

திசையறிதலுக்கு ஆங்கிலத்தில் எதுகை வாய்பாடுகள் உண்டு. யாம் தமிழில் கட்டிக் கொடுத்தோம். "மேற்கைக் கூட்டு, கிழக்கைக் கழி" என்பது காந்த ஊசியின் விலகலுக்கு. உண்மைத் திசை 90 பாகை, விலகல் மேற்கே 10 எனில், ஊசி காட்ட வேண்டியது 100. "கிழக்கே ஒற்றை, மேற்கே இரட்டை, மேலே ஐந்நூறு" என்பது தரையினின்று 3,000 அடிக்கு மேல் பறப்போர் கொள்ள வேண்டிய உயரத்திற்கு: கிழக்கு நோக்கினால் 3,500, 5,500, மேற்கு நோக்கினால் 4,500, 6,500. இதிலும் ஒரு விலக்கு உண்டு. கனடாவின் வடகோடியில் காந்த துருவத்தின் அண்மையால் ஊசி நம்பத்தக்கதன்று. அங்கே உண்மை வடக்கையே கணக்கில் கொள்வர். வட்டவடிவமான கணக்குச் சட்டமொன்றில் வேகத்தையும் நேரத்தையும் கணிக்கும் பயிற்சியும் இருந்தது. கணிப்பொறி வல்லுநனான அவனுக்கு அது பிடிபடவில்லை. மாணவப் பருவத்தில் நழுவுசட்டம் கொண்டு கணக்கிட்ட எமக்கு அது பழைய நண்பனைக் கண்டது போலிருந்தது. இவ்விடத்தில் எமக்குச் சற்றுத் தற்பெருமை உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

பதினான்கு நாட்கள் கழிந்தும் தமக்கையார் போதும் என்று சொல்லவில்லை. மேலும் ஒரு வாரம் சென்றது. அக்டோபரில் ஒரு காலை, வாயிற்புறத்து மேப்பிள் மரத்திலிருந்து சிறகுள்ள விதையொன்று சுழன்று சுழன்று இறங்குவதைச் சன்னல் வழியே பார்த்தவாறே, "இதற்கும் எஞ்சின் இல்லை" என்றார் அவர். அதனையே அனுமதி என்று கொண்டு பிள்ளை கிளம்பினான். இம்முறை 81.

யாம் அம்மாத இறுதியில் ஊர் திரும்பினோம். பனிக்காலம் முழுதும் அவன் பறக்கவில்லை. சுழலிறகில் உறைபனி படிந்திருக்க மேலெழுவது சட்டப்படி குற்றம்; அவனுடைய ஆசிரியரும் அதில் கண்டிப்பானவர். 2024 ஜூனில் தனியாகப் பறந்தான். தமக்கையார் களத்தின் வேலியோரம் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தாராம். இரவு எம்மைத் தொலைபேசியில் அழைத்து, "மூன்று சுற்று வந்தான், தம்பி. ஒரு முறையும் மூக்கைக் குத்தவில்லை. சத்தம்தான் தாங்கவில்லை" என்றார்.

அந்த அட்டைக் காற்றாடி எங்கே என்று கேட்டோம். குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடப்பதாகச் சொன்னார்.

செயலாளர் கைக்கடிகாரத்தை இருமுறை பார்த்துவிட்டார். அடுத்து இசை நிகழ்ச்சி காத்திருக்கிறது.