இடுப்பு வலியும் எண்ணெய்ப் பாத்தியும்



இடுப்பு வலியைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் பரிகாசம் செய்யக்கூடும். நாற்று நட்டும், மூட்டை சுமந்தும், தறியிலும் தையல் மிஷினிலும் பகலெல்லாம் குனிந்தும் வயிறு வளர்க்கிறவர்களுக்கு இடுப்புத்தான் மூலதனம். 2020-ஆம் வருஷத்தில் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகிறது. ஆகவே இந்த வலியைக் காட்டி எதை எதைச் சொல்லி ஏழையிடம் பணம் வாங்குகிறார்கள் என்று நாம் விசாரிக்க வேண்டியதுதான்.

ஆயுர்வேதக்காரர்கள் சொல்லுவது என்னவென்றால், வாதம் கெட்டால் இடுப்பு கெடும் என்பதாகும். வாதத்தால் மாத்திரம் உண்டாகும் வியாதிகள் 80 என்று சரக சம்ஹிதை கணக்குப் போட்டிருக்கிறது. இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் வலிக்குக் கிருத்ரசி என்று பேர். கிருத்ரம் என்றால் கழுகு. வலிக்காரன் கழுகு மாதிரிச் சாய்ந்து நடக்கிறானாம். உற்றுப் பார்த்தவன் வைத்த பேர்தான். அதை நாம் குறைகூற வரவில்லை.

இதற்கு எண்ணெய் தேய்ப்பது, வேது பிடிப்பது, குக்குலு மாத்திரை கொடுப்பது, ஆசனவாய் வழியாய்க் கஷாயமும் எண்ணெயும் ஏற்றுவது என்று பல மார்க்கங்கள் உண்டு. இப்போது அதிகமாக விளம்பரமாகிறது கடி வஸ்தி. கடி என்றால் இடுப்பு. ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, உளுந்து மாவைப் பிசைந்து இடுப்பின்மேல் வட்டமாக வரம்பு கட்டி, அந்தப் பாத்திக்குள் வெதுவெதுப்பான தைலத்தை ஊற்றி, ஆற ஆற மாற்றி, அரைமணி முக்கால்மணி வைத்திருப்பார்கள்.

இதில் சுகம் உண்டா என்றால், உண்டு. சூடு பட்டால் இறுகின சதை தளரும். கை பட்டு நீவினால் வலி குறையும். இல்லையென்று சாதிப்பது பகுத்தறிவாகாது. ஆனால், "தைலம் எலும்புக்குள் இறங்குகிறது, தேய்ந்த தட்டு மறுபடி வளர்ந்துவிடும்" என்கிறார்களே, அங்கேதான் நமக்குத் தகராறு. முதுகெலும்புகளுக்கு நடுவேயுள்ள தட்டுக்கு வளர்ந்த மனிதனிடத்தில் ரத்தக்குழாயே கிடையாது என்று சொல்லலாம். பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்தைக்கொண்டே அது பிழைக்கிறது. வயது ஏற ஏற அதிலுள்ள நீர் வற்றித் தட்டையாகிறது. தோலையும் கொழுப்பையும் கனத்த சதையையும் தாண்டி, மேலே ஊற்றின எண்ணெய் அங்கே போய்த் தட்டை வளர்க்க எந்த வழியும் இல்லை.

அப்படியானால் சுகம் கொடுத்தது எது? சஹசராதி தைலம் தேய்ப்பதையும், வெறும் சூட்டு வைத்தியத்தையும் ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்புவலிக்காரர் 64 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். இரண்டு கூட்டத்தாருக்கும் வலி குறைந்தது. ஒன்றைவிட ஒன்று மேல் என்று தெரியவில்லை. சாஸ்திரத் தைலம் செய்ததைச் சாதாரணச் சூடும் செய்துவிட்டது. வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற பாட்டிக்கு எந்த சமஸ்கிருத சுலோகமும் தெரியாது!

இங்கிலீஷ் வைத்தியக்காரர்களையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. வலியே இல்லாதவர்களைப் படம் பிடித்த பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2015-இல் கணக்கிட்டதில், 20 வயதிலேயே 100-க்கு 37 பேருக்கும், 80 வயதில் 96 பேருக்கும் தட்டுத் தேய்மானம் இருந்தது. நரைக்கு வைத்தியம் பார்ப்பதுபோல், படத்தைக் காட்டிப் பயமுறுத்திக் கத்தியை எடுப்பதும் ஒரு வியாபாரமே.

நிற்க, எண்ணெயைவிட ஆபத்தானது உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயமோ, பாதரசமோ, பாஷாணமோ இருந்தது. சுத்தி செய்த பஸ்பம் தீங்கு செய்யாது என்பார்கள். செய்யாது என்பதை ரத்தத்தைச் சோதித்துக் காட்டட்டுமே! ஈயம் நரம்பைக் கெடுக்கும். நரம்பு வலிக்குப் போனவனுக்கு இது என்ன வைத்தியம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், சரக சம்ஹிதையே மந்திரம், மணி, ஓமம், பலி இவைகளைத் தைவ வைத்தியமென்றும், ஆகாரமும் மருந்தும் ஆலோசித்துக் கொடுப்பதை யுக்தி வைத்தியமென்றும் பிரித்துச் சொல்லுகிறது. அதைப் புகழ்கிறவர்கள் யுக்தியைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருக்கலாம். "ரிஷி சொன்னது, சோதிக்க நீ யார்?" என்று கேட்டு, யுக்தியையும் தைவமாக்கிவிட்டார்கள்.

சரி, வலிக்காரர் என்ன செய்வது? உலக சுகாதார ஸ்தாபனம் 2023-இல் சொன்ன யோசனையில் தேகப்பயிற்சியும், வலியைப் பற்றிய விளக்கமும், நீவுதலும் உண்டு. இடுப்புப் பட்டையும், இழுத்துக் கட்டுவதும் வழக்கமாக வேண்டாமென்கிறது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கவேண்டாம். நடக்கவேண்டும், முடிந்த வேலையைச் செய்யவேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆசையிருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கித் தேய்க்காதீர்கள்.

ஆனால் கால் வலுவிழந்து தொய்ந்தாலும், சிறுநீர் அடைபட்டாலும், மலஜலம் அடங்காமற் போனாலும், தொடையிடுக்கில் மரத்தாலும், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அமுங்கின நரம்பு, நாள் தவறினால் திரும்பாமலே போகலாம். வலியோடு விடாத காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால், முதுகெலும்பில் காசநோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குத் தீர்க்கக்கூடிய மருந்து இருக்கிறது.

கேள்வி கேட்க விரும்புகிற தோழர்கள் சீட்டில் எழுதி அனுப்பலாம். ஆயுர்வேத வைத்தியர்கள் யாராவது வந்திருந்தால் அவர்களுக்கே முதலில் இடம் கொடுக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.