சில்லறையும் சிறுபேச்சும்



திருவண்ணாமலையைப் பௌர்ணமி இரவில் வலம் வருவோர் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். அவ்வழியில் சுண்டல் விற்கும் அம்மையாரின் தள்ளுவண்டியிலும் இன்று கியூஆர் அட்டை தொங்கக் காண்கிறேன். 1994-ஆம் ஆண்டு ஜப்பானில், மோட்டார் உதிரிப் பாகங்களை அடையாளங் காண்பதற்கென உருவான குறியீடு அது. 2016-இல் தொடங்கிய யூபிஐ முறை அதனை நம் தெருக்கடைகளுக்குக் கொணர்ந்தது. சில்லறைத் தட்டுப்பாடு பெரிதும் குறைந்தது, இது நன்மையே.

ஆயினும், பணத்தைச் செலுத்திவிட்டு முகம் நோக்காமலே நகர்வோர் பலர். சில்லறை எண்ணும் சிறுபொழுதில் முன்பெல்லாம் நலம் விசாரிப்பார்கள். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். கூட்ட நெரிசலில் அலைபேசித் தொடர்பு அறுந்து பணம் செல்லாதபோது, "நாளைக்குக் கொடு, தம்பி" என்று சொல்லக்கூடியவர் யார்? நம்மை அறிந்த கடைக்காரரே. கருவிக்கு நம் கணக்கு எண் தெரியும். நம் நாணயம் தெரியாது.

ஆகவே கருவியைத் தயங்காது கைக்கொள்ளுங்கள். அது மிச்சப்படுத்தித் தரும் அரை நிமிடத்தில், உங்கள் தெருக் கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்.