காடையின் காலையும் கவனியுங்கள்

வீட்டில் காடை வளர்ப்பவர்கள் தீவனத்தையும் முட்டையையும் தினமும் பார்ப்பார்கள். காலைப் பார்ப்பவர்கள் குறைவு. காடையோ வலியை லேசில் வெளிக்காட்டாது. அது நொண்டுவது நம் கண்ணில் படும்போது புண் பெரும்பாலும் முற்றியிருக்கும். அதனால் வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு காடையையும் எடுத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

நம் வீடுகளில் வளர்வது பெரும்பாலும் ஜப்பானியக் காடை. வளர்ந்த பிறகும் அதன் எடை ஏறத்தாழ 200 கிராம்தான். இறக்கைகளை உடலோடு சேர்த்து மென்மையாகப் பிடியுங்கள். மார்பை அழுத்தக் கூடாது. மார்பு அசைந்தால்தான் பறவையால் மூச்சுவிட முடியும்.

அடிக்கடி காண்பது எச்ச உருண்டை. எச்சமும் தீவனமும் உமியும் விரல் நுனியில் ஒட்டி, சிமெண்டைப் போல இறுகிவிடும். பிடித்து இழுத்தால் நகமும் தோலும் சேர்ந்து வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்தெடுங்கள். பிறகு ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் ரத்த ஓட்டம் நின்று, விரலே கருகி விழக்கூடும். நூலோ தலைமுடியோ விரலில் சுற்றிக்கொண்டாலும் இதே ஆபத்துதான்.

நகம் பிய்ந்து ரத்தம் வந்தால், சுத்தமான பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சோளமாவு தூவினாலும் ரத்தம் நிற்கும். சிறு காயமானால் கழுவி, போவிடோன் அயோடின் மருந்தைத் தண்ணீர் கலந்து வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து தடவலாம். ரத்தத்தைக் கண்டால் மற்ற காடைகள் கொத்தும். அதனால் காயம்பட்டதைத் தனியாக வையுங்கள். ஆனால் மற்றவற்றின் குரல் கேட்கும் தூரத்தில் வையுங்கள். கட்டுப் போட்டால் தினமும் மாற்றுங்கள். விரல் வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று பொருள்.

உள்ளங்கால் வீங்கி, நடுவில் கருத்த பொருக்கு தெரிந்தால் கதை வேறு. அது ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களால் வரும் பாதக்கட்டி. பறவையின் சீழ் நம் சீழ் போல ஓடாது, கெட்டியாக உறைந்திருக்கும். பிதுக்கினால் வராது, கிருமிதான் இன்னும் உள்ளே போகும். பிளேடால் கீறவும் வேண்டாம். நாம் போடும் வலி மாத்திரையோ தைலமோ காடைக்கு ஆகாது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தாமதித்தால் புண் மூட்டுக்கும் எலும்புக்கும் பரவும். ஆன்டிபயாடிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காடையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இந்தப் பிரச்சினைகளுக்கெல்லாம் பெரும்பாலும் காரணம் கூண்டின் தரைதான். கம்பிவலைத் தரையானால் ஒரு பகுதியிலாவது ரப்பர் விரிப்போ பலகையோ போடுங்கள். உமி போடுவதானால் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்ததைத் தினமும் அள்ளிவிடுங்கள். குஞ்சுகளுக்கு வழவழப்பான செய்தித்தாள் மட்டும் விரித்தால் கால் வழுக்கி விரிந்துபோகும். அதன்மேல் சொரசொரப்பான துணி விரியுங்கள்.

மருந்து போட்டுப் புண் ஆறினாலும், தரை மாறாவிட்டால் அது திரும்ப வரும். இன்றைக்கே கூண்டின் தரையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். உங்கள் கைக்கு உறுத்துவது எதுவோ, அதை மாற்றிவிடுங்கள்.